பொட்டு வைத்த மாவு டின்

பயப்படாதே கண்ணு. காலை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொள். அது குண்டு இல்லை. மாவு. இட்லி மாவு. சூடாக இருக்கிறதே என்று பார்க்கிறாயா? இருக்கும். இருக்கத்தான் வேண்டும். ஏறும்போது கண்டக்டர் தம்பியும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினான். "ஏனுங்கம்மா, உள்ள அடுப்பு எரியுதா?" என்று கேட்டான். "அடுப்பும் இல்ல, தீயும் இல்ல சாமி. துரு பிடிக்குது" என்றேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போனவன் இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மூடி ஓரத்தில் ஒரு பொட்டு தெரிகிறதா? பாதி மூடியில், பாதி டின்னில். கறுப்பு. ஸ்டிக்கர் பொட்டு. கோயம்புத்தூர் போய்ச் சேரும்வரை அது அங்கேயே இருக்க வேண்டும். இருந்தால், என் மருமகள் பிரசவத்துக்கு நான். பிய்ந்து போயிருந்தால், தாராபுரத்திலிருந்து அவளுடைய சித்தி. அப்படித்தான் பேச்சு.

சிரிக்காதே கண்ணு. இது விளையாட்டுப் பேச்சில்லை. அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சில பேர் சிரித்துக்கொண்டே சொல்வதைத்தான் நாம் கவனமாகக் கேட்க வேண்டும்.

உன் பை ஜிப் பாதியில் நிற்கிறது பார். சரி, சரி, அப்புறம் போட்டுக்கொள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? எங்கள் வீட்டுக்காரரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. கோத்தகிரியில் கெமிஸ்ட்ரி சார் என்று கேட்டால் சொல்வார்கள். ரிட்டையராகிப் பல வருஷம் ஆகிவிட்டது. நானும் இப்போது சார் என்றுதான் சொல்கிறேன். ஊரே சொல்லும்போது நான் மட்டும் வேறென்ன சொல்வது?

கல்யாணமான புதிதில் மற்ற பெண்களைப் புருஷன்மார் தொட்டபெட்டாவுக்குக் கூட்டிப் போனார்கள். என்னை இவர் பள்ளிக்கூட லேபுக்குக் கூட்டிப் போனார். ஞாயிற்றுக்கிழமை. யாரும் இல்லை. மேசையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொடியைக் கும்பமாகக் கொட்டி, உச்சியில் தீக்குச்சியை வைத்தார். அவ்வளவுதான் கண்ணு. அது தானாகப் பொறி விட்டுக்கொண்டு, தானாகச் சீறிக்கொண்டு, பச்சை பச்சையாகச் சாம்பலைக் கக்கிக்கொண்டு, ஒரு சின்ன எரிமலை மாதிரி கடைசிவரை எரிந்து முடிந்தது. கொட்டியதை விடச் சாம்பல் அதிகமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கு நகை வாங்கிக் கொடுத்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு பூரிப்பு இருந்திருக்காது.

"பாத்தியா மங்கை? ஒரு தடவ பத்த வெச்சாப் போதும். அப்புறம் ஊத வேண்டாம், விசிற வேண்டாம். அதோட சூடே அதுக்கு விறகு."

என் பெயர் மங்கையர்க்கரசி. அவர் மங்கை என்பார்.

அதோட சூடே அதுக்கு விறகு. இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இந்த மனுஷன் வாழ்க்கை முழுக்கத் தொங்கினார். கேஸ் தீர்ந்துபோகும், கரண்ட் நின்றுபோகும், பெட்ரோல் விலை ஏறும். ஆனால் தானாக நடக்கிற வினை ஒன்றைக் கண்டுபிடித்து வீட்டுக்குள் கட்டிப் போட்டுவிட்டால் யாரிடமும் கையேந்த வேண்டாம் என்பார். எங்கள் குளியலறையில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டு வெந்நீர் காய்ச்சிப் பார்த்தார். காய்ந்தது, காயாமலில்லை. ஆனால் தீபாவளிக்கு வெள்ளையடிக்க வேண்டிய சுவர் அன்றைக்கே வெள்ளையடித்தாகிவிட்டது. அவர் மீசையும் சேர்த்து. இன்னொரு முறை தோட்டத்துச் சருகை எல்லாம் குவித்து, நடுவில் குழாயைச் சொருகி, உள்ளே சூடு ஏறும் பார் என்றார். ஏறியது. பக்கத்துத் தோட்டத்துப் பாம்பெல்லாம் குளிருக்கு அடக்கமாக அங்கே வந்து சேர்ந்தது.

நான் குறுக்கே பேசுகிறவள் இல்லை. யார் காரியத்திலும் தலையிடுகிற பழக்கமே எனக்குக் கிடையாது. குவியலைத் தினமும் ஒரு தடவை கிளறி மட்டும் விட்டேன். அழுகிவிடக் கூடாதே என்று. அதனால்தான் சூடு நிற்கவில்லை என்று அவர் சொன்னார். சொல்வதற்கு என்ன?

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கட்டுமா? வேண்டாமா? சரி. பாதி.

சரி, போன மார்கழிக்கு வருகிறேன். அந்த மார்கழியில்தான் எல்லாம் நடந்தது. எங்கள் ஊர்க் குளிர் உனக்குத் தெரியும்தானே? தெரியாதா, எந்த ஊர் நீ? சத்தியமங்கலமா? அப்போ தெரியாது. கோத்தகிரிக் குளிரில் இட்லி மாவு புளிக்காது கண்ணு. அரைத்து வைத்தால் அரைத்தபடியே கிடக்கும், ஈரச் சுவர் மாதிரி. அங்கே இருக்கிற பெண்கள் எல்லோரும் மாவுக்கு ஸ்வெட்டர் போடுவோம். நிஜமாக. சிபி, என் பையன், அவன் பள்ளிக்கூடத்தில் போட்ட மெரூன் ஸ்வெட்டர் இன்னும் இருக்கிறது. அதைப் பாத்திரத்துக்கு மாட்டி, மூடிக்குக் குரங்குக் குல்லாய் வைத்து, அடுப்பு மூலையில் உட்கார வைப்பேன். பார்ப்பதற்கு ஒரு குழந்தை சுவரைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். வினோதினி கல்யாணமாகி வந்த முதல் நாள் சமையலறைக்குள் வந்தவள் பயந்தே போனாள். "அத்தை, யாரு இது?" என்று கேட்டாள்.

வினோதினிதான் மருமகள். தாராபுரம். அவளுக்கு அம்மா இல்லை. காலேஜ் படிக்கும்போதே தவறிவிட்டார்கள். சித்திதான் பார்த்துக்கொண்டாள். நல்ல பெண். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. ஒன்றே ஒன்றுதான் அவளிடம் குறை. எதையும் அப்படியே விட்டுவிடுவாள். பால் காய்கிறதென்றால் பக்கத்தில் நிற்க மாட்டாள். அது காயும்போது காயட்டும் என்பாள். துணி மடித்தாள் என்றால் ஏதோ ஒரு மாதிரி மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் எடுத்து மறுபடி மடிப்பேன். கோபத்தில் இல்லை கண்ணு, ஒரு அழகு வேண்டாமா? அவள் கோலம் போட்டால் நான் இரண்டு இழை சேர்ப்பேன். அவள் குழம்பு வைத்தால் நான் ஒரு சிட்டிகை உப்பு. எல்லாம் உதவிதான். கொஞ்ச நாளில் அவள் கோலம் போடுவதை விட்டுவிட்டாள். குழம்பும்தான். வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மார்கழியில் ஸ்வெட்டருக்கும் மாவு மசியவில்லை. இட்லி அவித்தால் கேரம் போர்டு காய். சிபி ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போனான். அப்போதுதான் பூனை.

எங்கள் வீட்டுப் பூனை இல்லை. ஊர்ப் பூனை. சார் தெருப் பிள்ளைகளுக்குக் காந்தம் காட்டுவதற்கென்று கிரில் பட்டறையிலிருந்து ஒரு சாக்கு இரும்புத்தூள் வாங்கிக் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் போட்டிருந்தார். அதன் மேல் சாய்த்தாற்போல் நான் ஊறுகாய்க்கு வாங்கின கல்லுப்பு மூட்டையை வைத்திருந்தேன். பனி இறங்கி, உப்பு கசிந்து, சாக்கெல்லாம் ஈரம். பூனைக்கு நாங்கள் கம்பளித் துணி போட்டுப் பெட்டி வைத்திருக்கிறோம். அது அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்க்காமல் இரும்புச் சாக்கின் மேல் போய் நான்கு காலையும் விரித்துப் படுத்துக் கிடந்தது. சார் பூனையைத் தூக்கிவிட்டுச் சாக்கில் கையை வைத்தார். கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம் பூனையை எடுத்து அதே இடத்தில் மரியாதையாக வைத்துவிட்டு உள்ளே ஓடி வந்தார்.

"மங்கை! துரு!"

"பாலை அடுப்புல வெச்சிருக்கேன், கத்தாதீங்க."

"அருவாமனைய ஈரத்தோட வெச்சா துருப் பிடிக்குதல்ல? அப்பவும் சூடு வரும். மெதுவா வர்றதால நமக்குத் தெரியறதில்ல. தூளாக்கி, உப்புப் போட்டு, ஈரங்காட்டினா வேகமா வரும். சூடு வந்தா இன்னும் வேகமாத் துருப் பிடிக்கும். வேகமாப் பிடிச்சா இன்னும் சூடு!"

"அதோட சூடே அதுக்கு விறகு" என்றேன் நான். எத்தனை வருஷமாகக் கேட்கிறேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு ஆள்.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். இரும்புத்தூள், கரித்தூள், மரத்தூள், உப்பு, தண்ணீர். எல்லாவற்றையும் கலந்து, என்னுடைய பழைய நூல் புடவையைக் கிழித்துச் சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டினார். இதோ இந்தப் பெரிய பிஸ்கட் டின்னுக்குள் மாவுத் தூக்குப் பாத்திரத்தை வைத்து, சுற்றி மூட்டைகளை அடுக்கி, டின் பக்கவாட்டில் ஆணியால் துளை போட்டார். தெரிகிறதல்லவா, அந்தத் துளைகள்தான். தூக்குக்கு மூடி கிடையாது, வெறும் மெல்லிய துணி. அதன் வாய் டின் மூடிக்கு ஒட்டினாற்போல் கீழே நிற்கும். அளவான காற்று போனால் அளவான சூடு. மூடியைத் திறந்தால் குளிர்காற்று மாவை அடிக்கும். மூட்டைகளும் ஒரேயடியாகக் கொதித்துச் சீக்கிரமே செத்துவிடும். அதனால் அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. மூடினது மூடினபடி காலைவரை இருக்க வேண்டும்.

வினோதினிக்கு ஒரே குதூகலம். "மாமா, இது நம்ம வீட்டு அணு உலை!" என்றாள். சாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "இன்னைக்கு மாவு. நாளைக்குக் குளிக்கற தண்ணி. அப்புறம் இந்தச் சூட்டுலயே ஒரு பல்பு எரிய வெக்கறேன் பாரு. ஊருல எவ்வளவு துருப் பிடிச்ச இரும்பு இருக்குது, அத்தனையும் வீணாப் போற சூடும்மா" என்றார். அவள் கைதட்டினாள்.

முதல் நாள் மாவு பொங்கவில்லை.

இரண்டாம் நாளும் இல்லை. மூட்டைகள் காலையில் பனிக்கட்டி மாதிரி கிடந்தன. சார் தலையைச் சொறிந்தார். "யாரோ திறந்திருக்காங்க" என்றார்.

"யாரு திறப்பா? பூனையா?" என்றேன்.

"நீ திறந்தியா மங்கை?"

"நான் எதுக்குத் திறக்கறேன்? பாத்தேன். சூடு இருக்குதான்னு பாத்தேன். பாக்கறது திறக்கறதா?"

நீயே சொல் கண்ணு. படிக்கிற பெண். பார்ப்பது திறப்பதா? விளக்கை அணைக்கும் முன் ஒரு தடவை. பாத்திரம் கழுவிய பிறகு ஒரு தடவை. தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஒரு தடவை, அது கணக்கிலேயே வராது, அந்தப் பக்கமாகத்தானே போனேன். ஒரு உயிருள்ள பொருளை இருட்டில் மூடி வைத்துவிட்டு எப்படித் தூங்குவது? மாவு உயிருள்ளதுதான். அப்படித்தான் சாரே சொல்லியிருக்கிறார்.

அந்தச் சமயத்தில் அவிநாசியில் என் தங்கை மகனுக்குக் கல்யாணம். நான் மட்டும் போனேன். மறுநாள் மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், போன். அந்தப் பக்கம் வினோதினி கூவுகிறாள். "அத்தை! பொங்கிடுச்சு! மூடியத் தள்ளிட்டு வெளிய வந்துடுச்சு!" பின்னால் சிபி சிரிக்கிறான், சார் ஏதோ கத்துகிறார். என் வீட்டில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டே ரொம்ப நாளாகியிருந்தது. "சந்தோஷம் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இலையில் இருந்த ஜாங்கிரி இறங்கவில்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உளுந்து நல்லதாக வந்திருக்கும் என்று நினைத்தேன். அல்லது குளிர் விட்டிருக்கும். வினோவுக்குக் கைராசி என்றுகூட ஒப்புக்கொண்டேன், எனக்குப் பொறாமை கிடையாது. ஆனால் நான் திரும்பி வந்ததும் மாவு மறுபடி படுத்துவிட்டது கண்ணு. அதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

சார் விடுவாரா? பரிசோதனை என்றார். இரண்டு டின். ஒன்று சமையலறையில், ஒன்று வினோதினி அறையில். அவள் அறையில் பொங்கியது, சமையலறையில் இல்லை. சமையலறை வடக்குப் பக்கம், காற்று அதிகம் என்று நான் விளக்கினேன். டின்னை மாற்றி வைத்தார். அப்போதும் சமையலறை டின்தான் தோற்றது. அதுதான் சொன்னேனே, வடக்குக் காற்று.

அப்போதுதான் அந்தப் பொட்டு வேலை. அது யாருடைய யோசனை என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. சமையலறை டின் மூடியில், ஓரமாக, யாருக்கும் தெரியாத மாதிரி வினோதினி நெற்றிக்கு வைக்கிற பொட்டை ஒட்டிவிட்டார்கள். கறுப்பு, கடுகளவு. மூடியைத் தூக்கினால் பிய்ந்துவிடும். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் வழக்கம்போல் பார்க்கப் போனேன். என்னவோ விரலில் ஒட்டியது. விளக்கில் பார்த்தால் பொட்டு. ஐயோ, பிள்ளை பொட்டை எங்கேயோ விட்டிருக்கிறாளே என்று நினைத்தேன். அப்புறம் டின்னைப் பார்த்தேன். பாதிப் பசை மூடியில் இருந்தது. எனக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது கண்ணு. நானும் அந்தக் காலத்து பி.ஏ. சரி, இது ஏதோ கணக்கு என்று புரிந்துகொண்டேன். எடுத்த பொட்டு மறுபடி ஒட்டவில்லை. அதனால் வேறு ஒன்றை ஒட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

என்னுடையது குங்குமக் கலர். கால் ரூபாய் அளவு இருக்கும்.

காலையில் மூன்று பேரும் டின்னைச் சுற்றி நிற்கிறார்கள். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

சிபிதான் ஆரம்பித்தான். "அம்மா, பொட்டு பெருசாயிருக்கு."

"பனிக்கு ஊறியிருக்கும்" என்றேன்.

"கலரும் மாறியிருக்கு."

"கெமிஸ்ட்ரி வீடல்லவா? எதுதான் கலர் மாறல இங்க?"

அவ்வளவுதான். வினோதினி வாயைப் பொத்திக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். சிபி சுவரில் தலையை முட்டிக்கொள்கிறான். இப்போது உன்னிடம் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. "என்னை வேவு பாத்தீங்களா? என் வீட்டுல, என் சமையக்கட்டுல, என்னையவே வேவு பாத்தீங்களா?" என்று கேட்டேன். காபியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனேன். வினோதினி பின்னாலேயே வந்து "அத்தை, விளையாட்டுக்குத்தான் அத்தை" என்றாள். நான் அவள் மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்து உதறி மறுபடி மடித்தேன்.

பொங்கல் முடிந்து சிபிக்குக் கோயம்புத்தூரில் வேலை. வேலைதான் காரணம். அவனே சொன்னான். "அவளும் அங்கயே ஆபீசுக்குப் போயிக்கலாம்மா" என்றான். வீட்டிலிருந்து வேலை செய்கிறவளுக்கு ஆபீஸ் எதற்கு என்று நான் கேட்கவில்லை. தலையிடுகிற பழக்கம் எனக்கில்லை. அவர்கள் கட்டி வைத்த பெட்டிகளை மட்டும் பிரித்துச் சரியாகக் கட்டிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவள் போன் செய்தால் சாரிடம்தான் பேசுவாள். "மாமா, அத்தைகிட்டச் சொல்லிடுங்க." நானும், "வினோகிட்டக் கேட்டேன்னு சொல்லுங்க." நடுவில் அவர் ஒரு தபால்காரர் மாதிரி. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அறையை நான் தினமும் பெருக்கித் துடைத்தேன். கட்டிலை நகர்த்தினேன், திரையை மாற்றினேன், அலமாரியைத் திருப்பிப் போட்டேன். கண்ணாடியில் அவள் ஒட்டிவிட்டுப் போன ஒரு பொட்டு இருந்தது. அதை மட்டும் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்காதே. கை போகவில்லை.

ஒரு சாயங்காலம் சார் தாழ்வாரத்தில் அந்த மூட்டைகளைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் சிவப்புப் பொடி. "இனி இது ஆகாது. தீந்துடுச்சு" என்றார்.

"தானா நடக்கும்னீங்களே?"

"தானா நடக்கும் மங்கை. தீராம நடக்காது."

அந்தப் பொடியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் கையெல்லாம் நரம்பு. நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

என்ன கண்ணு, குஞ்சப்பனை தாண்டிவிட்டோமா? அதுதான் காற்று மாறுகிறது. அந்தச் சால்வையை எடுத்துவிடு, வியர்க்கும். எடுக்கட்டுமா நானே? சரி, உன் இஷ்டம்.

முந்தாநாள் போன் வந்தது. சார் எடுத்துப் பேசுவார் என்று நான் நகர்ந்தேன். அவர் என்னிடம் நீட்டினார். "உன்கிட்டத்தானாம்."

"அத்தை" என்றாள். குரலே இல்லை. "வாயில எதும் நிக்க மாட்டேங்குது அத்தை. தண்ணி குடிச்சாக்கூட வந்துடுது."

எனக்குப் புரிந்துவிட்டது.

"அந்தத் துரு டின்னு மாவு இட்லி மட்டும் கண்ணுக்குள்ளயே நிக்குது அத்தை. இங்க மாவு ஒரு ராத்திரிக்குள்ள காடியாப் புளிச்சுப் போவுது. அந்த ருசி வரல."

"நாளன்னைக்குக் காலம்பற கெளம்பி நானே கொண்டாரேன் சாமி."

"திறக்காமக் கொண்டாருங்க."

"நான் எப்பத் திறந்தேன்?"

அந்தப் பக்கம் சிரிப்பு. குமட்டலுக்கு நடுவில் அப்படி ஒரு சிரிப்பு. "சரி, பந்தயம். பொட்டு ஒட்டின டின்னு பிரியாம வந்துச்சுன்னா, தலைச்சன் பிரசவத்துக்கு நீங்கதான் அத்தை எங்கூட. பிரிஞ்சு வந்துச்சுன்னா சித்திய வரச் சொல்லிடுவேன்."

பிரசவத்துக்குத் தாய் வீடு என்பார்கள். அவளுக்கு அது இல்லை. சித்தி நல்லவள்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழந்தை முதல் முதலாகக் கண்ணைத் திறக்கும்போது நான் அங்கே இருக்க வேண்டும். வேறு என்ன வேண்டும் எனக்கு?

நேற்றுச் சாயங்காலம் அரைத்தேன். குளிரில் தூங்கிக் கிடந்தது. இன்று காலையில் சார் புது மூட்டை கட்டி, ஈரம் காட்டி, சுற்றிலும் அடுக்கி மூடினார். வினோதினி அறைக்குப் போய்க் கண்ணாடியிலிருந்து அந்தப் பொட்டை நகத்தால் எடுத்து வந்தார். பசை போயிருந்தது. ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

ஏறினதிலிருந்து நான் தொடவில்லை. நீதான் பார்த்துக்கொண்டு வருகிறாயே. அரவேணு ஸ்டாப் வரும்போது ஒரு தடவை குனிந்தேன், அது செருப்பைச் சரி செய்ய.

கண்ணு, ஒன்று கேட்டால் செய்வாயா? என் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள். இரண்டையும். சில்லென்று இருக்கிறது. ஆமாம், வெயில்தான். பாக்குத் தோப்பு வந்துவிட்டது, வெயில்தான். இருந்தாலும் என் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். இறுக்கிப் பிடி. இன்னும். ஆ, அப்படி.

ஐயோ, அந்தச் சத்தம் கேட்டதா? டொக் என்று? மூடி. மூடி அசைகிறது. இல்லை, கையை விடாதே. விடாதே என்கிறேன். இந்தக் கீழ்நாட்டு வெயிலும் சேர்ந்துகொண்டது, அதுதான். உள்ளே முட்டுகிறது. இப்போது மூடியைக் கொஞ்சம் தூக்கிக் காற்று விட்டால் அடங்கிவிடும். நான் எடுத்தால் நான் திறந்ததாகும். எடுக்காவிட்டால்... பார், பார், அந்தப் பொட்டைப் பார், இழுபடுகிறது. என் கண்ணெதிரே. சாமி, இருந்துக்கோ. இன்னும் கொஞ்ச தூரம்தான். இருந்துக்கோ.

போச்சு.

போச்சு கண்ணு. பிய்ந்துவிட்டது. உன் செருப்பை எடுத்துக்கொள், வழிகிறது. எவ்வளவு வெள்ளை பார். எவ்வளவு பொங்கியிருக்கிறது பார். வாழ்நாளில் இப்படி ஒரு மாவு எனக்குப் பொங்கியதில்லை. இன்றைக்குத்தானா? தொடாமல் இருந்த ஒரே நாளில் தானாகத் திறந்துகொண்டதே. இதை யாரிடம் போய்ச் சொல்வது? யார் நம்புவார்கள்? குங்குமப் பொட்டு ஒட்டியவள் சொன்னால் யார் நம்புவார்கள்?

நீ சொல்லு. நீதான் சாட்சி. என் பையில் போன் இருக்கிறது, ஒரு கையால் எடு, அந்தப் பச்சையை அழுத்து, வினோ என்று இருக்கும். காதில் வை. என் கை உன்னிடம்தானே இருக்கிறது.

வினோ? நான்தான் சாமி. பஸ்ல வந்துட்டிருக்கேன். இல்ல... பொட்டு... பொட்டு விழுந்துடுச்சு. நான் இல்ல வினோ. சத்தியமா நான் இல்ல. இங்க பக்கத்துல ஒரு பாப்பா இருக்குது, அதையே கேட்டுக்க. என் கையவே அதுதான் புடிச்சிட்டிருக்குது. அதுவாத்தான்... ஆமா. ஆமா, வழிஞ்சுது. பாதி பஸ்சு நம்ம மாவுதான்.

என்ன?

என்ன சொன்னே?

...

வரேன் சாமி. வரேன். அழுவறியா, சிரிக்கறியா? சரி, வெச்சுடு. குமட்டும். பேசாதே. வெச்சுடு.

என்ன சொன்னாள் தெரியுமா? காலையிலேயே அவளுக்கு சார் போன் போட்டுவிட்டாராம். "உங்க அத்தை வழியில திறந்தான்னா மாவு ஆறிப் போயி, பொட்டு இருந்த எடத்துல கள்ளப் பொட்டோட அமைதியா வந்து சேரும். திறக்காம விட்டான்னா மேட்டுப்பாளையம் வர்றதுக்குள்ள தானாப் பொங்கித் திறந்துக்கும். டின்னு திறந்திருந்தா அத்தை ஜெயிச்சான்னு அர்த்தம்." அப்படிச் சொன்னாராம் அந்த மனுஷன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பார். செருப்புச் சத்தம் கேட்டாலே யாரென்று தெரிகிற அளவுக்கு என்னைத் தெரியும் அவருக்கு.

"பொங்கிடுச்சா? அப்ப நீங்க திறக்கல அத்தை" என்றாள். "ஜெயிச்சுட்டீங்க. பெட்டிய எடுத்துட்டு வந்துடுங்க" என்றாள்.

அதோ பவானி. தண்ணீர் இருக்கிறது பார் இந்த வருஷம்.

கண்டக்டர் தம்பி வருகிறான், கரித்துக் கொட்டப் போகிறான். கொட்டட்டும். மிச்ச மாவு ஒரு இருபது இட்லிக்குத் தேறும், அவளுக்குப் போதும். குழந்தை பிறந்தால் நான் ஒன்றிலும் தலையிட மாட்டேன் கண்ணு. தொட்டிலில் போட்டால் போட்டபடி தூங்கட்டும். நடுவில் மூச்சு வருகிறதா என்று ஒரு தடவை துணியை விலக்கிப் பார்ப்பேன். பார்ப்பது எழுப்புவதா?

மேட்டுப்பாளையம் ஸ்டாண்ட் வந்துவிட்டது, எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இல்லை, நீ உட்கார். கையை இன்னும் விடாதே, கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்.

உன் பை ஜிப் பாதியிலேயே நிற்கிறது. கோத்தகிரியிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன்.